எடையைக் கேட்காத கடையில் ஸ்னோபோர்டு எடுக்காதீர்கள்

குளிர்காலத்தில் காஷ்மீரின் குல்மார்க்குக்குச் சுற்றுலா போகிறவர்களில் சிலருக்குப் பனிச்சறுக்கையும் ஒரு கை பார்க்கலாமே என்று ஆசை வரும். வாடகைக் கடைக்காரர் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார். ஸ்னோபோர்டு என்னும் பனிப்பலகையை நிமிர்த்தி வைத்து, தாடை வரை வந்தால் "இதுதான் உங்க சைஸ்" என்பார். அந்த அளவு வெறும் குத்துமதிப்பு. சரியான பலகையைத் தீர்மானிப்பவை உங்கள் எடையும் பாதத்தின் நீளமும்தான்.

எடைதான் முதல் கணக்கு

பலகையை வளைத்துத் திருப்புவது உங்கள் எடை. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவர் 55 கிலோ, மற்றவர் 85 கிலோ என்றால் ஒரே பலகை இருவருக்கும் ஒத்துவராது. எடைக்கு மிஞ்சிய நீளமான பலகை, திருப்பினாலும் திரும்பாமல் ஆளை இழுத்துக்கொண்டு போகும். மிகவும் குட்டையானதோ வேகம் கூடியதும் தடதடத்து நிலைகுலைய வைக்கும்.

எந்த நீளம் எத்தனை கிலோ உள்ளவருக்கு என்று தயாரிப்பு நிறுவனங்கள் அட்டவணை தருகின்றன. 65 கிலோ உள்ள பெரியவருக்கு ஏறத்தாழ 150 செ.மீ. பொருந்தலாம்; மாடலுக்கு மாடல் இது மாறும். புதியவர்கள் தங்கள் எடைக்குரிய வரம்பில் சற்றுக் குட்டையானதை, எளிதில் வளைந்து கொடுப்பதை எடுப்பது நல்லது.

அடுத்தது அகலம். பூட்ஸின் முனையும் குதிகாலும் பலகைக்கு வெளியே ஓரிரு சென்டிமீட்டர் நீண்டிருந்தால் பாதகமில்லை. அதற்கு மேல் நீண்டால், சாய்ந்து திரும்பும்போது பனியில் உரசி ஆளைக் கவிழ்த்துவிடும். பெரிய பாதம் உள்ளவர்கள் 'வைடு' பலகை கேட்க வேண்டும். வளரும் பிள்ளைதானே என்று ஒரு அளவு கூட்டி வாங்குவது சட்டைக்குச் சரி, பனிப்பலகைக்கு ஆகாது.

விழுந்தால் என்ன ஆகும்?

ஸ்கீ எனப்படும் பனிச்சறுக்குக் கட்டைகள் விழும்போது காலிலிருந்து கழன்றுகொள்ளும். பூட்ஸை ஸ்னோபோர்டோடு பூட்டும் பைண்டிங் அப்படிக் கழலாது. இரண்டு காலும் பூட்டியபடியே விழுவீர்கள். கை தானாகத் தரையில் ஊன்றும். அதனால்தான் புதியவர்களுக்கு மணிக்கட்டு எலும்பு முறிவது அதிகம். பொருந்தாத பலகை விழும் வாய்ப்பைக் கூட்டுகிறது. மணிக்கட்டுக் காப்பும் ஹெல்மெட்டும் இல்லாமல் சரிவில் இறங்காதீர்கள். குல்மார்க்கின் கேபிள் காரான கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் கொண்டுபோய் விடும் அபர்வத் மலையின் மேல்பகுதி பழகியவர்களுக்கானது. புதியவர்களுக்கு அடிவாரத்துச் சிறு சரிவுகளே போதும்.

பணம் கொடுக்கும் முன்

• எடையையும் ஷூ அளவையும் நீங்களே சொல்லி, அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள்.
• பூட்ஸைக் கட்டிக்கொண்டு முழங்காலை மடக்குங்கள். குதிகால் மேலே எழும்பினால் வேறு ஜோடி கேளுங்கள்.
• பைண்டிங் திருகுகள் ஆடுகின்றனவா, ஓரத்து இரும்பு விளிம்பு பெயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.
• ஏற்கெனவே உள்ள கீறல்களைப் படமெடுத்து வையுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது சேதக் கட்டணம் கேட்டால் அதுவே சாட்சி.
• பயணக் காப்பீடு சாகச விளையாட்டுக்குச் செல்லுமா என்று ஊரிலேயே விசாரித்துவிடுங்கள்.

உங்கள் உரிமை

காசு கொடுத்து வாடகைக்கு எடுப்பவரும் நுகர்வோர்தான். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரத்தையும் விலையையும் அறியும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. பில் தர மறுப்பது அச்சட்டப்படி நேர்மையற்ற வணிக முறை. பழுதான பலகையைத் தருவது சேவைக் குறைபாடு என்று முறையிடலாம். 'எது நடந்தாலும் நானே பொறுப்பு' என்ற தாளில் கையெழுத்திட்டதாலேயே முறையிடும் வழி அடைபட்டுவிடாது.

அடிபட்டால் முதலில் சிகிச்சை. மருத்துவச் சீட்டு, பில், பலகையின் படம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். கடைக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். அதற்கும் பலனில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இதற்காகத் திரும்பவும் காஷ்மீருக்கு அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யச் சட்டம் இடம் தருகிறது.