விற்ற நாள் எது?

இங்கிலாந்து நாட்டில் எஃகுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஷெஃபீல்டு என்னும் நகரில், 'புதன்கிழமை' என்று பொருள்படும் பெயருடைய கால்பந்துக் கழகம் ஒன்று உண்டு. ஷெஃபீல்டு வெட்னெஸ்டே என்பது அதன் பெயர். புதன்கிழமைதோறும் அரைநாள் ஓய்வு பெற்ற தொழிலாளர் சிலர் 1820ஆம் ஆண்டில் கூடிக் கிரிக்கெட் சங்கம் ஒன்றை நிறுவினர். குளிர்காலத்திலும் அங்கத்தினர் பிரியாதிருக்க வேண்டி, 1867இல் அச்சங்கத்தார் கால்பந்தும் ஆடத் தொடங்கினர். கிரிக்கெட் மறைந்தது, புதன்கிழமை நிலைத்தது. ஆட்டங்கள் இப்போது பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடைபெறுகின்றன என்பது வேறு கதை!

இக்கழகம் 1899 முதல் ஆடிவரும் மைதானம் ஹில்ஸ்பரோ. 1989ஆம் ஆண்டு ஏப்ரலில் வேறு இரு குழுக்களின் ஆட்டத்தைக் காண வந்தவர்களுள் 97 பேர் நெரிசலில் சிக்கி உயிரிழந்த துயரமும் அங்கேதான் நிகழ்ந்தது. அந்த மண்ணை வெறும் மனையென்று அந்நகரத்தார் எண்ணுவதில்லை. ஆயினும் சட்டத்தின் கண்ணுக்கு அதுவும் ஒரு சொத்தே, விற்கலாம், வாங்கலாம். அதனை விற்ற நாள் எது என்பதைப் பற்றி எழுந்த வழக்கையே இன்று மாணவர்களாகிய உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

2015இல் தாய்லாந்து நாட்டுத் தொழிலதிபர் தேஜ்போன் சன்சிரி இக்கழகத்தை விலைக்கு வாங்கினார். கழகம் அப்போது நாட்டின் இரண்டாம் படியில் ஆடிக்கொண்டிருந்தது. முதற்படிக்கு ஏறிவிட்டால் வருமானம் பன்மடங்காகும். ஆகவே சிறந்த ஆட்டக்காரர்களுக்குப் பெரும்பொருள் செலவிடப்பட்டது. 2016இல் ஏறுவதற்குரிய இறுதி ஆட்டம் வரை சென்று, ஹல் நகரக் குழுவிடம் ஒரே கோலில் தோற்றது. செலவு நின்றதா? இல்லை.

ஆனால் கழகங்கள் மனம்போனபடி நட்டப்பட இயலாது. இரண்டாம் படியிலுள்ள கழகம் மூன்று ஆண்டுகளில் சேர்ந்து 3 கோடியே 90 லட்சம் பவுண்டுக்கு மேல் நட்டம் காட்டலாகாது என்பது ஆங்கிலக் கால்பந்து லீக் வகுத்த விதி. செல்வந்தர் ஒருவர் அள்ளி இறைத்துவிட்டு விலகினால் கழகமே அழியும். கடன் வாங்கி ஆடுவோன் வரவுக்குள் ஆடுவோனை வெல்லுவதும் முறையன்று. விதியின் நோக்கம் இவ்விரண்டுமாம். எனினும் அந்நாளில் அதில் ஒரு சந்து இருந்தது. மைதானம் போன்ற நிலைச்சொத்தை விற்று வரும் இலாபத்தை வரவில் சேர்த்துக்கொள்ள இடமிருந்தது.

சன்சிரி தம் கழகத்தின் மைதானத்தைத் தமக்குச் சொந்தமான வேறொரு கம்பெனிக்கு 6 கோடி பவுண்டுக்கு விற்கச் செய்தார். கழகத்துக்குக் கணக்கில் கிட்டிய இலாபம் ஏறத்தாழ 3 கோடியே 80 லட்சம் பவுண்டு. நட்டத்தில் முடிய வேண்டிய கணக்கு இலாபத்தில் முடிந்தது.

"தன் பொருளைத் தனக்கே விற்பது விற்பனையாகுமா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நல்ல கேள்வி. இதற்கு விடை 1897இலேயே கிடைத்துவிட்டது. லண்டனில் சாலமன் என்ற செருப்புத் தொழிலாளி தம் தொழிலைத் தாமே அமைத்த கம்பெனிக்கு விற்றார். அதன் பங்குதாரர்கள் அவரும் அவர் மனைவி மக்களுமே. கம்பெனி நொடித்தபோது, கடன்காரர்கள் சாலமனும் கம்பெனியும் ஒருவரே என்று வழக்காடினர். இங்கிலாந்தின் உச்ச நீதிபீடமாக அன்றிருந்த பிரபுக்கள் சபை அதனை ஏற்கவில்லை. முறைப்படி பதிவான கம்பெனி, அதனை உண்டாக்கியவரினின்றும் வேறான ஒரு சட்டப்பிறவி என்று தீர்ப்பளித்தது. கம்பெனிச் சட்டம் முழுவதும் இத்தூணின்மேல் நிற்கிறது எனினும் மிகையாகாது. ஆகவே கழகம் விற்க, உரிமையாளரின் கம்பெனி வாங்குவது தன்னளவில் குற்றமன்று. விலை நியாயமானதா, விற்பனை உண்மையில் நடந்ததா என்ற இரண்டையே பார்க்க வேண்டும்.

இங்கேதான் முடிச்சு. 2018 ஜூலையுடன் முடிந்த ஆண்டுக் கணக்கில் இவ்விற்பனை எழுதப்பட்டிருந்தது. ஆனால் மைதானத்தை வாங்கிய 'ஷெஃபீல்டு 3' என்ற கம்பெனி பதிவு செய்யப்பட்டதோ 2019 ஜூன் மாதத்தில்! நிலப்பதிவேட்டிலும் உரிமை மாறியது 2019இல்தான். பிறவாத பிள்ளைக்குப் பெயர் வைப்பார்கள். அதனிடம் வீட்டை விற்றுப் பணம் பெற்றதாக எவரும் கணக்கெழுதார். நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், ஏப்ரல் முதல் நாள் தேதியிட்ட ரசீதை மார்ச்சுக் கணக்கில் சேர்க்கத் தணிக்கையாளர் ஒருபோதும் இசைந்ததில்லை. ஒருநாள் பிந்திய பத்து ரூபாய்க்கே அந்தக் கட்டுப்பாடு.

2019 நவம்பரில் லீக் கழகத்தின்மீது குற்றம் சாட்டியது. கழகமும் வாளாவிருக்கவில்லை. இவ்வேற்பாட்டுக்கு லீக்கே எழுத்து மூலம் இசைவளித்துவிட்டது, இசைந்தபின் குற்றம் சுமத்துவது சட்டத்துக்குப் புறம்பு என்று எதிர்வழக்குத் தொடுத்தது. தனி விசாரணைக் குழு இருசாராரையும் கேட்டது. கழகம் செய்திகளை வேண்டுமென்றே மறைத்தது என்ற குற்றச்சாட்டை அது தள்ளிவிட்டது. ஆனால் அவ்விலாபத்தை 2018ஆம் ஆண்டுக் கணக்கில் சேர்த்தது செல்லாது எனக் கண்டு, 2020 ஜூலை 31ஆம் நாள் 12 புள்ளிகளைக் குறைக்கத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அது நவம்பரில் 6 புள்ளிகளாயிற்று.

எந்த ஆண்டுப் புள்ளிகளை வெட்டுவது என்பதும் சிறு செய்தியன்று. அப்போதுதான் முடிந்த தொடரில் கழகம் 56 புள்ளி பெற்றிருந்தது. அதில் 12 குறைத்திருந்தால் அது கடைசி இடத்துக்கு இறங்கியிருக்கும். 48 புள்ளி பெற்ற சார்ல்ட்டன் கழகம் பிழைத்திருக்கும். குழுவோ அடுத்த தொடரில் குறைக்கவே கட்டளையிட்டது. சார்ல்ட்டன் கீழ்ப்படிக்கு இறங்கியது. யாதொரு மைதானத்தையும் விற்காத அக்கழகத்தின் ஆதரவாளர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். இதில் நீதி முழுமை பெற்றதாக எனக்குத் தோன்றவில்லை.

தண்டனை ஆடுகளத்தில் பலித்தது 2021 மே 8ஆம் நாள். தொடரின் கடைசி ஆட்டத்தில் ஷெஃபீல்டு கழகம் டார்பி நகருக்குச் சென்றது. தொற்றுநோய்க் கட்டுப்பாட்டால் பார்வையாளர் வரிசைகள் வெறிச்சோடிக் கிடந்தன. இருமுறை முன்னணியில் நின்றும் வெல்ல இயலாது 3-3 என்ற சமநிலையில் ஆட்டம் முடிந்தது. கழகத்தின் புள்ளிகள் 41. டார்பி 44 பெற்றுப் பிழைத்தது. வெட்டப்பட்ட 6 புள்ளிகள் இருந்திருந்தால் 47. கழகம் மூன்றாம் படிக்கு வீழ்ந்தது.

இதில் ஒரு விந்தை. எதிரே ஆடிய டார்பி கழகமும் தன் பிரைடு பார்க் மைதானத்தை 2018இல் தன் உரிமையாளர் மெல் மோரிசின் கம்பெனிக்கு ஏறத்தாழ 8 கோடி பவுண்டுக்கு விற்றிருந்தது! அங்கே வழக்கு நாளைப் பற்றியதன்று. விலை மிகையென்பதே லீக்கின் வாதம். 2020 ஆகஸ்டில் விசாரணைக் குழு அவ்வாதத்தை ஏற்கவில்லை. ஆயினும் டார்பியின் நிதிநிலை சீர்ப்படவில்லை. 2021 செப்டம்பரில் அது நொடித்து, நிருவாகப் பொறுப்பாளர் கைக்குப் போனது. வேறு கணக்குக் குறைகளும் சேர மொத்தம் 21 புள்ளிகளை இழந்து 2022இல் கீழிறங்கியது. கழகம் ஒரு கையிலும் மைதானம் மற்றொரு கையிலும் இருந்தமையால் அதனை வாங்க முன்வந்தோர் பெரிதும் இடர்ப்பட்டனர். இறுதியில் டேவிட் குளோஸ் என்ற அவ்வூர்த் தொழிலதிபர் இரண்டையும் வாங்கி ஒன்று சேர்த்தார்.

ஷெஃபீல்டு கழகமோ 2023இல் மீண்டும் இரண்டாம் படிக்கு ஏறியது. ஆனால் 2025இல் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் பலமுறை தாமதமாயிற்று. அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள் கழகம் நிருவாகப் பொறுப்பாளர் வசம் சென்றது. மைதானத்துக்கு உரிய ஷெஃபீல்டு 3 கம்பெனியும் உடன் சென்றது. விதிப்படி கழகத்துக்கு மீண்டும் 12 புள்ளிகள் குறைக்கப்பட்டன.