தண்டவாளமும் வன்தட்டும்

நீலகிரியின் அடிவாரத்தில் அமைந்த மேட்டுப்பாளையத்தில் இருவகை இருப்புப்பாதைகள் வந்து கூடுகின்றன. சமவெளியிலிருந்து வருவது 1,676 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட அகலப் பாதை. உதகமண்டலத்திற்கு ஏறுவது 1,000 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட மீட்டர் பாதை. ஒன்றில் ஓடும் வண்டி மற்றொன்றில் ஓடாது. ஆதலின், பயணிகள் அங்கே இறங்கி வண்டி மாறுகின்றனர்.

அளவு ஒத்திருந்தால் மட்டும் போதுமோ? போதாது. 1899 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மேட்டுப்பாளையம்-குன்னூர் பாதை, கல்லாற்றிற்கு அப்பால் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி வீதம் உயர்கின்றது. அங்கே தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் பதிக்கப்பட்டுள்ளது. எஞ்சினின் பற்சக்கரம் அதனைப் பற்றி மேலேறும். பற்சக்கரம் இல்லாத மீட்டர் பாதை எஞ்சின் அத்தண்டவாளத்தில் பொருந்தி நிற்கும். ஆனால், அம்மலைப்பாதையில் வண்டியை ஏற்றிச் செல்ல அதனால் இயலாது.

இவ்விரு உண்மைகளும் கணிப்பொறிக்கும் பொருந்தும். கணிப்பொறியில் செய்திகளைச் சேமித்து வைப்பது வன்தட்டு. அதனைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் முறைக்கு இடைமுகம் என்பது பெயர். இணைப்பியின் வடிவம் ஒன்று, குறிப்புகளைப் பரிமாறும் மொழி மற்றொன்று என அதற்கு இரு கூறுகள் உண்டு.

முன்னாளில் பெரிதும் வழங்கியது ஐ.டி.இ. என்னும் முறை. அதன் இணைப்பியில் நாற்பது ஊசிகள் இருந்தன. பதினாறு கம்பிகளின் வழியே செய்தி ஒரே வேளையில் சென்றது. விரைவு மிக மிக, அக்கம்பிகளில் செல்லும் குறிப்புகள் ஒருங்கே சென்று சேர்வது அரிதாயிற்று. எனவே, 2003 ஆம் ஆண்டில் சாட்டா என்னும் முறை வந்தது. இதன் செய்தி இணைப்பியில் தொடுமுனைகள் ஏழே. செய்தி ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லினும், விரைவு மிகுந்தது. பழைய சாட்டா வன்தட்டும் புதிய தாய்ப்பலகையும் தம்முள் இசைந்து, இரண்டிற்கும் இயன்ற விரைவில் இயங்கும்.

பின்னர், சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகங்கள் பெருகின. அவற்றுள் பல, எம்.2 என்னும் மெல்லிய பலகை வடிவின. இங்கேதான் விழிப்பு வேண்டும். எம்.2 பலகைகளுள் சில சாட்டா மொழியையும், சில மிக விரைவான என்.வி.எம்.இ. மொழியையும் கையாளும். என்.வி.எம்.இ. மட்டும் ஏற்கும் பொருத்திடத்தில் சாட்டா பலகையைச் செருகினால், அது பொருந்தி நிற்கும். கணிப்பொறியோ அதனை அறியாது. பற்சக்கரம் இல்லாத எஞ்சினின் நிலையே அதன் நிலை. ஆதலின், வாங்குமுன் தாய்ப்பலகையின் கையேட்டைப் படித்தறிதல் நலம்.

பழைய ஐ.டி.இ. தட்டில் குடும்பப் படங்களும் ஆவணங்களும் உறங்கிக் கிடக்கலாம். இன்றைய கணிப்பொறிகளில் அதற்கான இணைப்பி இல்லை. தட்டு கெடாதிருந்தும், அதில் உள்ளவை எட்டாக்கனியாகிவிடும். ஐ.டி.இ. இணைப்பை யு.எஸ்.பி. இணைப்பாக மாற்றித்தரும் கருவிகள் உள்ளன. மேட்டுப்பாளைய நிலையத்தில் பயணிகள் வண்டி மாறுவதுபோல, அக்கருவியின் வழியே செய்திகள் புதிய பாதைக்கு மாறும். தட்டு பழுதுபடுமுன் அதனைச் செய்துகொள்வதே அறிவுடைமை.