கேமராவிலிருந்து செல்போனுக்கு: வயர் இல்லாமல் படங்களை அனுப்புவது எப்படி?

திருமண வீடானாலும் ஊர்ப் பொதுக்கூட்டமானாலும், நிகழ்ச்சி முடிவதற்குள் படங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறோம். செல்போனில் எடுத்த படத்துக்கு இது எளிது. ஆனால் நல்ல படங்கள் பெரும்பாலும் டிஜிட்டல் கேமராவில்தான் இருக்கின்றன. கேபிளைத் தேடி, கார்டு ரீடரைத் தேடி, லேப்டாப்பைத் திறந்து ஏற்றுவதற்குள் மறுநாள் ஆகிவிடுகிறது. வயர் இல்லாமலேயே இதைச் செய்ய முடியும். எப்படி என்பதையும், செய்யும்போது எங்கே கவனம் தேவை என்பதையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

கார்டுக்குள் வைஃபை

முதலில் கேமராக்களில் இந்த வசதி அரிதாகவே இருந்தது. 2005-ல் நிக்கான், கோடாக் போன்ற நிறுவனங்கள் வைஃபை வசதியுள்ள சில மாடல்களைக் கொண்டுவந்தன. மற்ற கேமரா வைத்திருப்பவர்களுக்கு 2007-ல் ஐ-ஃபை என்ற அமெரிக்க நிறுவனம் ஒரு வழி கண்டது. பார்ப்பதற்குச் சாதாரண எஸ்டி மெமரி கார்டுதான். ஆனால் அதற்குள்ளேயே ஒரு சிறிய வைஃபை சிப்பும் ஆன்டெனாவும் இருந்தன. கேமராவின் பேட்டரியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு, எடுத்த படங்களை வீட்டு வைஃபை வழியாகக் கணினிக்கு அனுப்பியது. பின்னர் 2012-ல் டோஷிபா நிறுவனத்தின் ஃப்ளாஷ்ஏர் கார்டு விற்பனைக்கு வந்தது.

இவ்விரண்டுக்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. ஐ-ஃபை கார்டை அமைக்க அந்நிறுவனத்தின் சர்வர் தேவைப்பட்டது. ஃப்ளாஷ்ஏர் கார்டோ தானே ஒரு வைஃபை இணைப்பை உருவாக்கும். செல்போனை அதில் இணைத்து, பிரவுசரைத் திறந்தாலே படங்களைப் பார்க்கலாம். 2016 செப்டம்பர் 16-க்குப் பிறகு தனது எக்ஸ்2 வரிசைக் கார்டுகளுக்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் ஆதரவு கிடையாது என ஐ-ஃபை அறிவித்தது. கார்டில் பழுது ஏதும் இல்லை. இருந்தும், காசு கொடுத்து வாங்கியவர்கள் தவித்தார்கள். ஒரு பொருள் வேலை செய்ய, எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் சர்வர் தேவையா என்பதை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

இன்றைய கேமராக்களில்

இப்போது வரும் கேமராக்கள் பெரும்பாலானவற்றில் வைஃபை உள்ளேயே இருக்கிறது. பலவற்றில் ப்ளூடூத்தும் உண்டு. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி செயலி இருக்கிறது. கேனனுக்கு கேமரா கனெக்ட், நிக்கானுக்கு ஸ்நாப்பிரிட்ஜ், சோனிக்கு கிரியேட்டர்ஸ் ஆப், ஃபியூஜிஃபில்முக்கு எக்ஸ்ஆப். செயல்முறை எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

1. கேமராவின் மெனுவில் வைஃபை அல்லது செல்போன் இணைப்பு என்ற பகுதியைத் திறந்து, அதை ஆன் செய்யுங்கள். கேமரா தானே ஒரு வைஃபை இணைப்பை உருவாக்கி, அதன் பெயரையும் பாஸ்வேர்டையும் திரையில் காட்டும். சில மாடல்களில் க்யூஆர் கோடு வரும்.

2. செல்போனின் வைஃபை பட்டியலில் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்டைக் கொடுங்கள். ப்ளூடூத் உள்ள கேமராவில் இந்த இணைப்பைச் செயலியே செய்துகொள்ளும்.

3. செயலியைத் திறந்து, வேண்டிய படங்களைத் தேர்ந்தெடுத்து இறக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது படியில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். 'இந்த வைஃபையில் இணையம் இல்லை' என்று செல்போன் எச்சரிக்கும். அது பிழையல்ல. கேமரா உருவாக்கும் இணைப்பு படங்களை அனுப்ப மட்டுமே. அதில் இணையம் இருக்காது. ஆனால் சில செல்போன்கள் இணையத்தைத் தேடி மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், கேமராவுடன் தொடர்பு அறுந்துவிடும். படங்கள் வந்து சேரும் வரை மொபைல் டேட்டாவை அணைத்து வையுங்கள். கேமரா தானாக அணையும் நேரத்தையும் மெனுவில் கூட்டிக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கு

24 மெகாபிக்சல் கேமராவின் ஒரு ஜேபெக் படம் சுமார் 10 எம்பி என்று வைத்துக்கொள்வோம். 300 படங்கள் என்றால் 3,000 எம்பி. விநாடிக்கு 2 எம்பி வேகம் கிடைத்தால் 25 நிமிடம் ஆகும். வீடியோ இன்னும் பெரியது. 100 எம்பிபிஎஸ்-ல் பதிவான 4கே வீடியோ நிமிடத்துக்கு 750 எம்பி. ஆகவே உடனே பகிர வேண்டிய பத்து இருபது படங்களுக்கு வைஃபை போதும். முழு நிகழ்ச்சியையும் சேமிக்கக் கார்டு ரீடர்தான் நல்லது.

சின்ன படம், பெரிய படம்

இதைத்தான் அவசியம் கவனிக்க வேண்டும். செல்போனுக்கு வந்த படமும் கேமராவில் உள்ள படமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. உதாரணமாக, ஸ்நாப்பிரிட்ஜ் தானாக அனுப்பும் படங்கள் வழக்கமாக 2 மெகாபிக்சலுக்குச் சுருக்கப்பட்டவை. வேறு செயலிகளிலும் சுருக்கி அனுப்பும் தேர்வு உண்டு.

செல்போன் திரையில் வித்தியாசம் தெரியாது. பிரிண்ட் போடும்போதுதான் தெரியும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 6x4 அங்குலப் படத்துக்கு சுமார் 2 மெகாபிக்சல் போதும். 12x18 அங்குல ஆல்பம் பக்கத்துக்கோ 19 மெகாபிக்சலுக்கு மேல் வேண்டும். 'படம்தான் செல்போனில் இருக்கிறதே' என்று மெமரி கார்டை ஃபார்மேட் செய்துவிட்டால், மிஞ்சுவது அந்தச் சின்ன பிரதிதான். கல்யாணமோ, வீட்டுப் பெரியவரின் கடைசி படமோ, மறுபடி எடுக்க முடியாது.

எனவே செயலியின் அமைப்பில் 'ஒரிஜினல்' அளவைத் தேர்ந்தெடுங்கள். வந்த படத்தின் எம்பி அளவைக் கேமராவில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். கணினியில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று என இரு பிரதிகள் ஆன பிறகே கார்டை அழியுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் மேலும் சுருங்கும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகும்.

பாதுகாப்பு

ஃப்ளாஷ்ஏர் கார்டுகள் 12345678 என்ற பாஸ்வேர்டோடுதான் கடைக்கு வந்தன. அதை மாற்றாமல் பயன்படுத்தினால், பக்கத்தில் இருக்கும் எவரும் உங்கள் குடும்பப் படங்களைத் திறந்து பார்க்க முடியும். இப்போதைய கேமராவிலும் வேலை முடிந்ததும் வைஃபையை அணைத்துவிடுங்கள். வேறொருவரின் செல்போனை இணைத்திருந்தால் அந்த இணைப்பை மறக்காமல் நீக்குங்கள்.

சில செயலிகள் படம் எடுத்த இடத்தின் விவரத்தையும் செல்போனிலிருந்து எடுத்துப் படத்தோடு சேர்த்துவிடும். பொதுவெளியில் பகிரும் படங்களில் உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்பது வெளியே போக வேண்டியதில்லை. தேவையில்லை என்றால் அந்த வசதியை அணைத்துவிடலாம்.

கேமராவை இரவல் கொடுப்பதற்கும் விற்பதற்கும் முன்பு, மெமரி கார்டை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டு கேமராவிலேயே பதிந்திருக்கலாம். மெனுவில் இணைப்பு அமைப்புகளை அழிக்கும் வசதி இருக்கும். அதையும் செய்துவிட்டுக் கொடுங்கள்.