பில்லில் வராத செலவு

புற்றுநோய்க்குக் ‘கரன்ட் வைக்க’, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு, வருகிறவர்களில் பலர் வாரத்துக்கு ஐந்து நாள் என்று ஐந்திலிருந்து ஏழு வாரம் வரை வர வேண்டியிருக்கும். இயந்திரத்தின் கீழே படுத்திருப்பது சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்துக்காகப் போடியிலிருந்தோ திருக்கோவிலூரிலிருந்தோ வந்தவர் ஒன்றரை மாதம் வெளியூரில் தங்கியாக வேண்டும். துணைக்கு ஒருவர் வேண்டும். துணைக்கு வந்தவருக்கு ஊரில் கூலி போகும். அறை வாடகை, இரண்டு பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடு, ஆட்டோ, ஊரில் விட்டுவந்த பிள்ளைகளின் பாடு... இதில் ஒரு ரூபாய்கூட மருத்துவமனை பில்லில் வராது.

பில்லுக்கு இன்று ஓரளவு வழி இருக்கிறது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமானது. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்த இன்றைய வடிவில், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரிலான அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அடையாறில், 1923இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் சிறு அளவில் தொடங்கி, பின்னர் டாக்டர் சாந்தா தன் வாழ்நாளையே கொடுத்து வளர்த்த புற்றுநோய் மையம் இருக்கிறது. அது நன்கொடையால் வளர்ந்த இடம். இல்லாதவர்களுக்கு அங்கே இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை நடக்கிறது.

ஆனாலும் குடும்பங்கள் கடனில் மூழ்குகின்றன. நகை அடகுக்குப் போகிறது. அடுத்துக் கறவை மாடு. அதற்கும் அடுத்து வட்டிக்காரர். எதனால் என்று பார்த்தால், பெரும்பாலும் யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவுகளால்தான்.

கீமோவை எடுத்துக்கொள்ளுங்கள். பலருக்கு அது 21 நாளைக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் மருந்து ஏற்றும் முன் ரத்தப் பரிசோதனை. வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தால் ‘அடுத்த வாரம் வாங்க’ என்று அனுப்பிவிடுவார்கள். மருத்துவ ரீதியாக அது சரிதான். குறைந்த அணுக்களோடு மருந்தை ஏற்றுவது உயிருக்கே ஆபத்து. ஆனால் ராத்திரி பஸ் பிடித்து இருநூறு மைல் வந்த குடும்பத்துக்கு அந்த ஒரு வாக்கியத்தின் விலை என்ன? திரும்பிப் போய் மறுபடி வர வேண்டும், இல்லையென்றால் ஒரு வாரம் லாட்ஜில் கிடக்க வேண்டும். ஊருக்குப் போன இடத்தில் நடுராத்திரி காய்ச்சல் வந்தாலும் விடியும்வரை காத்திருக்க முடியாது. பக்கத்திலிருக்கும் தனியார் மருத்துவமனைதான். அங்கே காப்பீட்டு அட்டை செல்லுமா என்பது அந்த நேரத்தில்தான் தெரியும். இதற்கெல்லாம் முன்பாகவே, நோய் இன்னதென்று கண்டுபிடிப்பதற்குள், ஸ்கேனுக்கும் சதைப் பரிசோதனைக்குமாகக் கையிருப்பு கரைந்திருக்கும். ஆயுஷ்மான் பாரத் விதிகள் அனுமதிக்கு முந்தைய 3 நாளையும், வீடு திரும்பிய பின் 15 நாளையும்தான் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. புற்றுநோயின் காலக்கணக்கு வேறு. குழந்தைகளுக்கு வரும் ஒருவகை ரத்தப் புற்றுக்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் சிகிச்சை தேவைப்படும்.

பாதியில் வராமல் போகிறவர்கள் உண்டு. எல்லோரும் நோய்க்குப் பயந்து போனவர்கள் அல்ல. அடுத்த தவணைக்குப் பஸ் செலவு இல்லாமல் நின்றுபோனவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். குணமாகக்கூடிய நோய், கிடைக்கக்கூடிய மருந்து, நடுவே சில ஆயிரம் ரூபாய். இதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

நம்மிடம் கொடுக்கும் மனம் இல்லையா? கல்யாணத்துக்கு மொய் வைக்கிறோம், காதுகுத்துக்கு வைக்கிறோம். பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து நடத்தித் தொழிலுக்கு முதலே திரட்டிவிடுகிறார்கள். நோயாளி வீட்டுக்கு மட்டும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுபோகிறோம். கிளம்பும்போது கையில் ஐந்நூறு ரூபாயை மடித்து வைத்துவிட்டு வரும் பெரியவர்கள்தான், அந்த வீட்டுக்கு எது தேவை என்பதைச் சரியாகத் தெரிந்தவர்கள்.

பிரிட்டனில் இதை ஓர் அமைப்பாகவே செய்திருக்கிறார்கள். டக்ளஸ் மேக்மில்லன் என்பவர், தன் தந்தை புற்றுநோயில் இறந்தபின் 1911இல் ஒரு சங்கம் தொடங்கினார். இன்று அது மேக்மில்லன் கேன்சர் சப்போர்ட். 1948 முதல் அங்கே அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்கு யாரும் காசு கட்டுவதில்லை. அப்படியிருந்தும் அந்த அமைப்பு, வருமானம் குறைந்த நோயாளிகளுக்குச் சிறு தொகையை ஒருமுறை உதவியாகப் பல ஆண்டுகள் தந்துவந்தது: குளிர்கால ஹீட்டர் பில்லுக்கு, உடல் இளைத்ததால் தொளதொளத்துப்போன துணிகளுக்கு மாற்றாக, மருத்துவமனைக்குப் போய்வர. சிகிச்சை முழுக்க இலவசமாகக் கிடைக்கும் நாட்டிலேயே இந்தத் தேவை தீரவில்லை என்றால், தினக்கூலியில் வாழும் நம் குடும்பங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இங்கே நல்ல முயற்சிகள் இல்லாமல் இல்லை. மும்பையில் 2006இல் தொடங்கிய செயின்ட் ஜூட் இந்தியா மையங்கள், புற்றுநோய்க் குழந்தைகளையும் பெற்றோரையும் சிகிச்சை முடியும்வரை இலவசமாகத் தங்கவைக்கின்றன. சென்னையிலும் வேலூரிலும் உண்டு. சமைத்துக்கொள்ள மளிகை, மருத்துவமனைக்குப் போய்வர வண்டி எல்லாம் உண்டு. ரயிலில், மருத்துவமனையின் சான்றோடு சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணமே கிடையாது. துணைக்கு வருபவருக்கு 75 சதவீதச் சலுகை. இது தெரியாமலே முழு டிக்கெட் எடுத்து வருகிறவர்கள் எத்தனையோ பேர்.

குழந்தைக்கு என்றால் மனம் உடனே இளகுகிறது. இணையத்தில் நிதி திரட்டும் தளங்களிலும் படத்தைப் பார்த்துத்தான் பணம் வருகிறது. புகையிலை போட்டு வாய்ப்புற்று வந்த ஐம்பது வயதுக் கட்டடத் தொழிலாளியின் படத்துக்கு யார் கொடுப்பார்கள்? ‘அவனா தேடிக்கிட்டது’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவர் வேலைக்குப் போகாத நாளில் அவர் வீட்டிலும் உலை கொதிப்பதில்லை.

காசநோயாளிகளுக்குச் சத்துணவுக்கென்று 2018 முதல் மத்திய அரசு மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போட்டது. 2024இல் அதை 1,000 ஆக்கியது. பெரிய தொகை இல்லை. ஆனாலும் வேளாவேளைக்குச் சாப்பிட்டால்தான் மருந்து தாங்கும் என்பதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. கீமோ எடுப்பவருக்கும் அதே உடம்புதானே? சிகிச்சை நடக்கும் மாதங்களுக்காவது இப்படி ஒரு தொகையைப் புற்றுநோயாளிகளுக்கும் தமிழ்நாடு அரசு தரலாம்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் மருத்துவ சமூகப் பணியாளர்கள் இருக்கிறார்கள். எந்தக் குடும்பம் அடுத்த தவணைக்கு வராமல் போகும் என்பது பெரும்பாலும் அவர்களுக்கு முன்பே தெரிந்துவிடும். அவர்கள் கையில் ஒரு சிறு நிதி இருந்து, வி.ஏ.ஓ.விடமும் தாலுகா ஆபீஸிலும் அலையவிடாமல், கேட்ட அன்றே இரண்டாயிரமோ ஐயாயிரமோ கொடுக்க முடிந்தால் எத்தனையோ சிகிச்சைகள் பாதியில் நிற்காது. நன்கொடையாளர்கள் அறுவை அரங்குக்கும் கருவிக்கும் கொடுக்க முன்வருகிறார்கள்; அங்கே பெயர்ப் பலகை வைக்கலாம். பஸ் டிக்கெட்டில் பெயர் பொறிக்க முடியாது. பிறந்தநாளுக்கோ திதிக்கோ மருத்துவமனைக்குக் கொடுப்பவர்கள், அந்தப் பணம் நோயாளிகளின் பயணத்துக்கும் தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும் என்று எழுதிக் கொடுக்கலாம். அப்படி ஒரு கணக்கு அங்கே இல்லையென்றால், தொடங்கச் சொல்லிக் கேட்கலாம்.