மூன்று நாள் பட்டினியும் முப்பதாண்டுப் பழக்கமும்

“விருந்தும் மருந்தும் மூன்று நாள்” என்பது நம் முன்னோர் வாக்கு. உடல் எடையைக் குறைக்க விரும்பும் நம்மவர் பலர் இப்பழமொழியைத் தம்மையறியாமலே கடைப்பிடித்து வருகின்றனர். பண்டிகையிலும் திருமணத்திலும் வயிறார உண்கின்றனர். பிறகு எடை பார்க்கும் கருவியின்மேல் ஏறி நின்று திடுக்கிடுகின்றனர். உடனே பட்டினியை மருந்தாக மேற்கொள்கின்றனர். நான்காம் நாள் பழைய வழக்கத்திற்கே மீள்கின்றனர். அன்றாட உணவோ விருந்தும் அன்று, மருந்தும் அன்று. ஆண்டில் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் நம்முடன் இருப்பது அது. அதனை மாற்றாமல் உடல் மாறாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் பத்துக் குறட்பாக்களுள் ஆறினை உண்ணும் முறைக்கே ஒதுக்கியுள்ளார் என்பதை அன்பர்கள் அறிவர். முன் உண்டது செரித்ததை அறிந்து, பசித்தபின், அளவோடு உண்பவனுக்கு வேறு மருந்து வேண்டுவதில்லை என்பது அவர் துணிபு. இதனை மேடைகளில் பலமுறை எடுத்துப் பேசிய நானே ஐம்பது வயதுவரை என் இலையில் அதனைக் கடைப்பிடிக்கவில்லை.

என் கதை

தில்லிக்கு வேலை தேடி வந்த நாளில் என் எடை 58 கிலோ. ஐம்பது வயதில் அது 81 கிலோ ஆயிற்று. உயரமோ 165 சென்டிமீட்டர்தான். என் தந்தையார் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஆசிரியர். மூன்று வேளையும் சோறுதான் உண்டார். ஆயினும் அவர் வேட்டியின் சுற்றளவு நாற்பதாண்டுகளில் மாறியதாக நினைவில்லை. பள்ளிக்கும் வயலுக்கும் நடந்தே சென்றவர் அவர். அவர் உண்ட சோற்றை நானும் உண்டேன். அவர் நடந்த நடையை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

அவ்வாண்டில் பம்பாயிலிருந்த என் தமையனாரைக் காணச் சென்றேன். சர்க்கரை நோயால் ஆறாத புண் ஏற்பட்டு, வலக்கால் விரல்கள் இரண்டை அவர் இழந்திருந்தார். “தம்பி, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் மருத்துவர் சொன்னதை நான் அன்றே கேட்டிருக்கலாம். உனக்கு இன்னும் காலம் இருக்கிறது” என்றார். திரும்பியதும் இரத்தத்தைச் சோதித்தேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு 6.3. அதாவது, நோய் என்று சொல்லத் தொடங்கும் 6.5-க்கு ஒரு படி கீழே நின்றேன்.

அச்சத்தால் நாற்பது நாள் கஞ்சியும் பழச்சாறுமாகக் கிடந்தேன். ஏழு கிலோ குறைந்தது. நண்பர்கள் பாராட்டினர். ஆனால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இடையே அந்த ஏழும் திரும்பி, துணைக்கு இரண்டையும் அழைத்து வந்தன.

அப்போது என் மனைவி சொன்னாள்: “உங்களுக்குத் தனிச் சமையல், பிள்ளைகளுக்குத் தனிச் சமையல் என்று எத்தனை நாள் நடக்கும்? உங்களுக்கு நல்லதென்றால் எல்லோருக்கும் நல்லதுதானே? வீட்டுக்கு ஒரே சமையல் செய்வோம்; அந்தச் சமையலை மாற்றுவோம்.” அன்று தொடங்கிய மாற்றமே இன்றுவரை நிலைத்திருக்கிறது.

பட்டினி ஏன் தோற்கிறது?

பட்டினியில் தோற்பவரை மனவலிமை அற்றவர் என்று பழிப்பது முறையன்று. 2011-ஆம் ஆண்டு மெல்போர்ன் நகர ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மிகக் குறைந்த உணவை அன்பர் சிலருக்குப் பத்து வாரம் அளித்து எடையைக் குறைத்து, பின்னர் ஓராண்டு கழித்தும் அவர்தம் இரத்தத்தைச் சோதித்தனர். பசியைத் தூண்டும் சுரப்புகளும் நிறைவைத் தரும் சுரப்புகளும் அப்போதும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. உடல் தான் இழந்ததைத் திரும்பப் பெற ஓராண்டுக்குப் பின்னும் முயன்றுகொண்டே இருந்தது என்பது இதன் பொருள். மேலும், கடும்பட்டினியில் கொழுப்போடு தசையும் கரைகிறது. தசை குறைந்த உடல் செலவிடும் கலோரியும் குறைகிறது.

எனவே பசியோடு போரிடும் வழி நிலைக்காது. பசியை ஆற்றி, அளவைக் குறைக்கும் வழியே நிலைக்கும். வாரத்திற்கு அரை கிலோ குறைந்தால் போதும் என்று ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கூறுகிறது. இக்காலத்தில் எடை குறைக்கும் ஊசி மருந்துகளும் வந்துள்ளன. அவை வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஆனால் ஊசியை நிறுத்தியபின் இழந்த எடையின் பெரும்பகுதி மீள்வதையே ஆய்வுகள் காட்டுகின்றன.

குன்னூர் தந்த பாடம்

மேற்கூறிய நிறுவனத்திற்கும் நம் தமிழகத்திற்கும் ஓர் உறவு உண்டு. 1918-இல் மக்காரிசன் என்னும் மருத்துவர் நீலகிரியின் குன்னூரில், பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு பிரிவாக இதனைத் தொடங்கினார். 1958-இல் அது ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. 1969-இல் இன்றைய பெயரைப் பெற்றது. குன்னூரில் மக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்கு அளித்துப் பார்த்தார். முழுக்கோதுமை, பால், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாணத்து உணவை உண்டவை கடைசியில் நின்றன.

அக்காலத்துக் கவலை ஊட்டமின்மை. இன்றைய கவலை மிகையூட்டம். ஆயினும் அப்பாடம் இன்றும் பொருந்துகிறது. சோறு மட்டும் மலைபோல் குவிந்து, காயும் பருப்பும் ஓரத்தில் ஒதுங்கிய இலை அன்றும் குறையுடையது, இன்றும் குறையுடையது.

வடக்கே குடியேறிய நாம் செய்ததைச் சற்று எண்ணிப் பார்ப்போம். பஞ்சாபியரிடமிருந்து பராட்டாவையும் சமோசாவையும் நெய்யையும் ஏற்றோம். அவர்தம் முன்னோரின் ஏரையும் மண்வெட்டியையும் ஏற்கவில்லை. இரவில் சப்பாத்தி உண்கிறோம். ஆனால் சப்பாத்தி நமக்குப் பலகாரம்தான். அதன்பின் தயிர்ச்சோறு உண்டால்தான் சாப்பிட்டதாக மனம் ஒப்புகிறது. இரு நாட்டு உணவும் ஒரே வயிற்றில் சேர்ந்தன; இரு நாட்டு உழைப்பும் நம்மை விட்டு நீங்கின.

ஊரைக் குறைகூறியும் பயனில்லை. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தில்லியிலும் தமிழ்நாட்டிலும் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் மிகை எடையினர்.

மெலிந்தவரும் அறியவேண்டியது

“நான் பருமனாக இல்லையே” என்பாருக்கு ஒரு செய்தி. 2004-இல் புகழ்பெற்ற ‘லான்செட்’ மருத்துவ இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் இங்கிலாந்து மருத்துவர் யூட்கினும் தம் உடலையே ஒப்பிட்டு வெளியிட்டனர். இருவருக்கும் உடல் நிறை எண் ஒன்றே: 22.3. ஆனால் ஆங்கிலேயர் உடலில் கொழுப்பு 9.1 சதவிகிதம், இந்தியர் உடலில் 21.2 சதவிகிதம். மெலிந்து தோன்றும் நம் உடலுக்குள்ளும் கொழுப்பு மறைந்திருக்கும் என்பதற்கு இது சான்று.

ஆகவேதான் நமக்கு அளவுகோலும் கடுமையானது. கிலோ கணக்கிலுள்ள எடையை, மீட்டர் கணக்கிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறை எண். இந்தியர்க்கு அது 23-க்கு மேற்பட்டால் மிகை எடை. 25-க்கு மேற்பட்டால் உடற்பருமன். இடுப்புச் சுற்றளவு ஆடவர்க்கு 90, மகளிர்க்கு 80 சென்டிமீட்டருக்குள் இருத்தல் வேண்டும். ஒரு தையல் நாடா இருந்தால் இதனை வீட்டிலேயே அறியலாம்.

இலையின் கணக்கு

நம் சாப்பாட்டின் அமைப்பிலேயே ஒரு சிக்கல் உள்ளது. சாம்பாருக்கு ஒருமுறை சோறு, இரசத்திற்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை என மூன்று முறை சோறு விழுகிறது. கறியும் கூட்டும் தொட்டுக்கொள்ளும் பொருளாகச் சுருங்கிவிடுகின்றன. என் மனைவி செய்த முதல் மாற்றம் இதுவே: சோற்றை ஒரே கிண்ணத்தில் அளந்து ஒருமுறை மட்டும் இடுவாள். அதனைச் சாம்பாருடன் உண்போம். இரசத்தையும் மோரையும் குவளையில் அருந்துவோம். காயும் கூட்டும் முதலில் இலைக்கு வரும், அவற்றுக்கு அளவில்லை. ஒரு சுவையையும் நாங்கள் இழக்கவில்லை. சோறு மட்டும் பாதியாயிற்று.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், நாளொன்றுக்கு 2000 கலோரி கொண்ட உணவுக்கு இவ்வாறு கணக்குத் தருகிறது: தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு வகைகள் 85 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டை வகைகள் 35 கிராம், எண்ணெயும் நெய்யும் 27 கிராம். இட்டலி, தோசை, சோறு, சப்பாத்தி, ரொட்டி அனைத்தும் அந்த 250 கிராமுக்குள் அடங்கவேண்டும் என்பதை நினைவிற்கொள்க. எடை குறைக்க விரும்புவோர் தானியத்தையும் எண்ணெயையும் இதனினும் குறைத்தல் வேண்டும். காயையும் பருப்பையும் குறைத்தலாகாது.

“சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறிவிட்டேன்” என்று பெருமை கொள்வோர் பலர். நூறு கிராம் அரிசிக்கும் நூறு கிராம் கோதுமை மாவுக்கும் கலோரியில் பெரிய வேறுபாடு இல்லை. நாடெங்கும் நடத்தப்பெற்று 2025-இல் வெளிவந்த ஓர் ஆய்வும், மாச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ உண்பதால் மட்டும் சர்க்கரை நோயின் இடர் குறைவதில்லை என்றே கண்டது. தானியத்தின் ஒரு பகுதியை நீக்கி, அவ்விடத்தில் பருப்பு, பயறு, தயிர், முட்டை, மீன் போன்ற புரத உணவை வைப்பதே பயன் தரும்.

எண்ணெயும் சர்க்கரையும்

எண்ணெயைத் தாளிக்கும் கரண்டியால் அளப்பதினும் மாத மளிகைப் பட்டியலால் அளப்பது எளிது. ஆளுக்கு 27 கிராம் என்றால் நால்வர் கொண்ட குடும்பத்திற்கு மாதம் ஏறக்குறைய மூன்றரை லிட்டர். நெய்யும் வெண்ணெயும் இதனுள் அடக்கம். எங்கள் வீட்டில் எண்ணெய் மட்டுமே ஐந்து லிட்டர் செலவாகிக்கொண்டிருந்தது! மாதத் தொடக்கத்தில் மூன்று லிட்டர் மட்டும் வாங்குவது, தீர்ந்தால் அம்மாதம் வேறு வாங்குவதில்லை என்று முடிவு செய்தோம். முதல் மாதம் இருபத்து நான்காம் நாளே தீர்ந்தது. மூன்றாம் மாதம் மீந்தது.

காப்பிக் கணக்கு வேறு. நாளொன்றுக்கு நான்கு குவளை, குவளைக்கு இரு தேக்கரண்டிச் சர்க்கரை என்றால் 40 கிராம். அதாவது 160 கலோரி. இரண்டு மாதத்தில் சிறிது சிறிதாக அரைத் தேக்கரண்டிக்கு வந்தேன். இன்று பழைய இனிப்பு எனக்கே திகட்டுகிறது. நாவும் பழக்கத்திற்கு அடிமையே.

தில்லியின் வரமும் தடையும்

குளிர்காலத் தில்லியைப்போல் காய்கறி மலியும் ஊர் அரிது. பாலக், வெந்தயக்கீரை, கடுகுக்கீரை, பதுவா, முள்ளங்கி, சிவந்த கேரட், பச்சைப் பட்டாணி எனத் தெருவோரத் தள்ளுவண்டிகள் நிறைகின்றன. பதுவாவை நம் கீரை மசியலாகவும், வெந்தயக்கீரையைப் பருப்பிட்ட கூட்டாகவும் செய்து பாருங்கள். கோடையில் சுரையும் பீர்க்கும் உண்டு. முருங்கைக்காய் விலை உயர்ந்துவிட்டதென்று வருந்தி உருளைக்கிழங்கில் அடைக்கலம் புகவேண்டியதில்லை.

நடைக்குத்தான் தடை. நவம்பரில் புகைமூட்டம் சூழும் காலையில் வெளியே நடப்பது நுரையீரலுக்குக் கேடு. அந்நாட்களில் வீட்டிற்குள்ளேயே உடற்பயிற்சி செய்யலாம். மற்ற மாதங்களில் வாரத்துக்கு ஐந்து நாள் அரைமணி நேரம் விரைந்து நடத்தல் போதும். நான் மெட்ரோ நிலையத்துக்கு ரிக்‌ஷாவில் செல்வதை நிறுத்தினேன், அதுவே தொடக்கம்.

முள் அசையாவிட்டாலும்

பதினான்கு மாதங்களில் 83 கிலோவிலிருந்து 73-க்கு வந்தேன். நான்காண்டுகளாக அது ஒரு கிலோ ஏறியும் இறங்கியும் அங்கேயே நிற்கிறது. நூல் சொல்லும் அளவுக்கு நான் இன்னும் மிகையே. ஆனால் சர்க்கரை அளவு 5.6-க்கு இறங்கிவிட்டது.

எடைக் கருவியின் முள் அசையாத வாரங்களில் மனம் தளர்வோர்க்குச் சென்னையிலிருந்து வந்த ஆய்வு ஒன்று ஆறுதல் தரும். மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட அவ்வாய்வில், சர்க்கரை நோயின் எல்லையில் நின்றோருள் பழக்கத்தை மாற்றாதவரில் மூன்றாண்டில் நூற்றுக்கு 55 பேர் நோயாளராயினர். உணவையும் நடையையும் மாற்றியோரில் 39 பேரே ஆயினர். வியப்பு யாதெனில், மாற்றியோரின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை! நல்ல பழக்கம் முள்ளுக்குத் தெரியாமலும் வேலை செய்கிறது.

ஓர் எச்சரிக்கை: சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைத்தலாகாது, இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடக்கூடும். கருவுற்ற மகளிரும் வளரும் சிறுவரும் இம்முயற்சியில் தாமாக இறங்கலாகாது.

சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம்

நம் கூட்டங்களில் கேசரியும் பஜ்ஜியும் இனிப்புக் காப்பியும் மரபாகிவிட்டன. மாதக் கூட்டங்களிலேனும் சுண்டலும் மோரும் பழமும் வழங்கலாகாதா? பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை; என் வீட்டிலும் அன்று நெய் மணக்கும். ஆண்டில் பண்டிகை நாட்கள் சில. எஞ்சிய நாட்களே பல. விருந்து தன் மூன்று நாளோடு நிற்குமானால் அதனால் யாருக்கும் தீங்கில்லை.

சென்ற தையில் தமையனார் எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கினார். அவருக்கென்று தனியாக எதுவும் சமைக்கவேண்டி வரவில்லை.