பெயரில்லாக் கட்டில் – 6: இறந்தால்தான் கைரேகையா?

சென்ற வாரம் இண்டியானா விபத்தைப் பார்த்தோம். 2006-இல் ஒரு குடும்பம் தன் மகள் என்று நம்பி ஐந்து வாரம் ஒரு மருத்துவமனைக் கட்டிலருகே காத்துக் கிடந்தது. கட்டிலில் இருந்தது வேறு வீட்டுப் பெண். அந்த வீட்டாரோ அதற்குள், இறந்துபோன இவர்கள் மகளைத் தங்கள் மகள் என்று நம்பி அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இவ்வளவு போதும்.

இந்த வாரம் சிகாகோ. 2019 ஏப்ரல் இறுதியில், முகமெல்லாம் அடிபட்டு, உடம்பில் துணியில்லாமல் ஒருவர் தெருவில் கிடந்தார். யாரென்று சொல்ல ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. பெயரில்லாமலே மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரண்டு வாரம் கழித்து, போலீஸ் தன்னிடமிருந்த பழைய கைதுப் படங்களைப் பார்த்து ஒரு பெயரைச் சொன்னது. அந்தப் பெயருக்குரியவரின் சகோதரிகளுக்குத் தகவல் போனது. வந்து பார்த்தவர்கள், தங்கள் சகோதரன் மாதிரி தெரியவில்லையே என்று தயங்கினார்கள். போலீஸே அடையாளம் சொல்லிவிட்டது என்ற பதில் அந்தத் தயக்கத்தை அடக்கிவிட்டது. நிலைமை மோசமாகவே, செயற்கை சுவாசத்தை நிறுத்தச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள். அவர் இறந்தார். இறுதிச் சடங்குக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோது, அந்தச் சகோதரர் உயிரோடு வீட்டுக்குள் நடந்து வந்தார். இறந்தவர் யார் என்பதைச் சவக்கிடங்கில் எடுத்த கைரேகை சொன்னது: 69 வயதான வேறொருவர்.

என்னை விடாமல் துரத்துவது அந்தக் கடைசி விவரம்தான். அந்த விரல்கள் அத்தனை நாளும் மருத்துவமனைக் கட்டிலின் மேல்தான் இருந்தன. குற்றச் சந்தேகம் இருந்தாலோ ஆள் இறந்துவிட்டாலோ தவிரக் கைரேகை எடுப்பதில்லை என்பது அங்கே காவல்துறையின் வழக்கமாகச் சொல்லப்பட்டது. குற்றவாளிக்கும் பிணத்துக்கும் கிடைக்கிற அடையாளம், நினைவிழந்து படுத்திருக்கும் மனிதருக்குக் கிடையாது. இது தவறு, திருத்தக்கூடிய தவறு என்பதே என் வாதம்.

பெற்றவளுக்குத் தெரியாதா, உடன்பிறந்தவளுக்குத் தெரியாதா என்று கேட்பார்கள். தெரியும், நடக்கிற, பேசுகிற முகத்தைத் தெரியும். வீங்கிய முகம், மழித்த தலை, வாயில் குழாய், சுற்றிலும் கட்டு என்றிருந்தால் எதை வைத்து அடையாளம் காண்பது? அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அந்தச் சகோதரிகளிடம் "இவர் யார்?" என்று யாரும் கேட்கவில்லை, உங்கள் சகோதரர் இங்கே இருக்கிறார் என்று தகவல் சொன்னார்கள். பெயர் முதலில் வந்துவிட்டால், பிறகு காண்கிற வேறுபாட்டையெல்லாம் அடி, மருந்து, வீக்கம் என்று மனமே விளக்கிக்கொள்ளும். பேரிடரில் இறந்தோரை அடையாளம் காண இன்டர்போல் வகுத்த நெறிமுறை கைரேகை, பல், மரபணு ஆகியவற்றை முதன்மைச் சான்றாக வைக்கிறது. பார்த்துச் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம் என்கிறது. உறவினரின் அன்பைச் சந்தேகித்து எழுதிய விதியல்ல அது.

அடுத்த ஆட்சேபம் கனமானது. கைரேகை என்றாலே போலீஸ். மயங்கிக் கிடப்பவரிடம் அனுமதியில்லாமல் எடுப்பது அத்துமீறல். நாளைக்கு அடிபட்டவர்கள் ஆஸ்பத்திரிக்கு வரவே பயப்படுவார்கள். இந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கைரேகை போலீஸுக்காகப் பிறந்ததல்ல; அது பிறந்த கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்த வாரம் முழுக்க நான் அதில்தான் மூழ்கிக் கிடந்தேன். 1858-இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, சாலைக்குக் கல் தர ஒப்பந்தம் எடுத்த ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தின் பின்புறம் பதித்துக்கொண்டார். பின்னால் பேச்சு மாறக்கூடாது என்பதே நோக்கம். பிறகு 1877-இல் ஹூக்ளி மாவட்டத்தில் அதைப் பத்திரப் பதிவிலும், சிறையிலும், ஓய்வூதியப் பட்டுவாடாவிலும் புகுத்தினார். ஓய்வூதியக்காரர் இறந்த பிறகு வேறொருவர் வந்து அவர் பெயரில் பணம் வாங்கிப் போய்விடக் கூடாது அல்லவா! ஆக, ஒருவரின் இடத்தில் இன்னொருவர் வந்து நிற்பதைத் தடுக்கவும் ஹெர்ஷல் இதைப் பயன்படுத்தினார். சிகாகோவில் தேவைப்பட்டதும் அதேதான். மருத்துவமனை கேட்டால் மட்டும் எடுப்பது, பெயரை மருத்துவமனைக்கு மட்டும் சொல்வது, வழக்கு எதிலும் பயன்படுத்தக் கூடாது என்று சட்டத்திலேயே கட்டிவிட்டால், அந்தப் பயத்துக்கு ஓரளவாவது பதில் கிடைக்கும்.

ரேகை எந்தப் பதிவேட்டிலும் பொருந்தவில்லை என்றால்? பெயரில்லாமலே இருக்கட்டும். அவசர சிகிச்சைக்குப் பெயர் தேவையில்லை. பெயரில்லாத நோயாளியை எங்கோ ஒரு குடும்பம் தேடிக்கொண்டிருக்கும். தவறான பெயர் விழுந்ததும் மருத்துவமனைப் பக்கத்துத் தேடல் நின்றுவிடுகிறது. போதாததற்கு, உயிரை வைத்திருப்பதா விடுவதா என்று முடிவெடுக்கும் உரிமை சம்பந்தமில்லாதவர் கைக்குப் போகிறது.

நம் ஊரில் ஆதார் இருக்கிறதே என்பீர்கள். எண்ணைக் கொடுத்தால் ரேகை பொருந்துகிறதா என்று சொல்லும். ரேகையை மட்டும் வைத்து ஆளைத் தேடித் தரும் ஏற்பாடு மருத்துவமனைகளுக்கு இல்லை. பெயர் தெரியாத சடலங்களின் ரேகையை அப்படிப் பொருத்திப் பார்ப்பது சாத்தியமில்லை என்று ஆதார் ஆணையம் 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றத்திலேயே சொன்னது. 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் உயிர்அடையாளப் பதிவுகளைப் பகிர்வதைத் தடுக்கிறது. அந்தத் தடை நல்லது. நோயாளிக்காக அதில் ஒரு குறுகிய வழி திறப்பதும் அவசியம்.

புவனேஸ்வரில் 2023 டிசம்பரில் ஏ.சி. கருவி வெடித்துக் காயம்பட்ட தொழிலாளர்களில் இறந்தவர் யார், பிழைத்தவர் யார் என்பது மாறிப்போனதை இந்த வாரமே எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஹெர்ஷல் இடத்தைப் பிடித்துக்கொண்டார். அது அடுத்த வாரம். அதுவரை ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டு ஆள் என்று சொல்லி ஒரு கட்டிலருகே உங்களை நிறுத்தினால், எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். தழும்பு, மச்சம், பல் எல்லாவற்றையும் நீங்களே பாருங்கள். அதற்கு முன் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

(தொடரும்)