நீர்ச்சறுக்குப் படகு: புதியதை வாங்குவதா, பழையதைத் திருத்துவதா?

ஏப்ரல் 30ஆம் திகதி வருமான வரி அலுவல் முடிந்த கையோடு எங்களுக்கு வேறொரு வகைத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும். "அண்ணை, பிள்ளையள் ஸ்கி நல்லாப் பழகிவிட்டினம். ஒரு படகு எடுக்கலாம் எண்டு யோசிக்கிறம். புதுசு எடுக்கிறதோ, பழசை எடுத்துத் திருத்துறதோ?" கவார்த்தா ஏரிகள் பக்கம் குடிசை வாடகைக்கு எடுத்துக் கோடையைக் கழிக்கும் தமிழ்க் குடும்பங்கள் கூடிவிட்டதால் அழைப்புகளும் கூடிவிட்டன. நாங்கள் மூன்று குடும்பங்கள் சேர்ந்து 1988ஆம் ஆண்டுப் படகு ஒன்றை வாங்கித் திருத்தியவர்கள் என்பது ஊருக்குத் தெரியும். அதில் எங்கே வழுக்கி விழுந்தோம் என்பது அவ்வளவாகத் தெரியாது. இரண்டையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு விடயம். பிள்ளைகள் காற்றடித்த டியூபில் இருந்து இழுபட்டுச் சிரிப்பதுதான் தேவை என்றால் ஸ்கி படகே வேண்டாம். பின்னால் மோட்டார் பூட்டிய சாதாரணப் படகு அதற்குப் போதும். ஸ்கி படகு வேறு சாதி. எஞ்சின் நடுவில் இருக்கும், அதிலிருந்து நேராக ஒரு தண்டு அடியால் இறங்கி விசிறியைச் சுற்றும். அடிப்பாகம் தட்டையாக இருக்கும், கீழே சிறு செட்டைகள் இருக்கும். பின்னால் எழும் அலை தாழ்வாகவும் மென்மையாகவும் இருக்கவும், ஒற்றைப் பலகையில் வருபவர் பக்கவாட்டில் இழுக்கும்போது படகு நேர்கோட்டை விட்டு விலகாமல் இருக்கவும்தான் இத்தனையும். 1961இல் வந்த ஸ்கி நோட்டிக், 1968இல் தொடங்கிய மாஸ்டர்கிராஃப்ட், 1982இல் தொடங்கிய மலிபு என்று மூன்று அமெரிக்கப் பெயர்களைத்தான் ஏரிகளில் அதிகம் காண்பீர்கள். மகனோ மகளோ சிலாலம் மிதவைகளைச் சுற்றி வரப் பழகுகிறார்கள் என்றால் மட்டும் மேலே வாசியுங்கள்.

1980களின் நடுப்பகுதியில் இத்தகைய புதுப் படகொன்றை 20,000 அமெரிக்க டொலருக்குள் வாங்க முடிந்தது. அன்றிலிருந்து 2024 வரை அமெரிக்காவில் பொது விலைவாசி ஏறக்குறைய மூன்று மடங்காகியிருக்கிறது. அந்தக் கணக்கில் இன்று 60,000 டொலர் அளவில் நிற்கவேண்டும். ஆனால் இன்று பெரிய நிறுவனங்களின் புது ஸ்கி படகுக்கு 100,000 அமெரிக்க டொலருக்கு மேல் கேட்கிறார்கள். மிச்சம் 40,000 எங்கிருந்து வந்தது?

ஒரு பகுதிக்கு நியாயம் உண்டு. 2010ஆம் ஆண்டு மாடலில் இருந்து உள்ளே பூட்டும் படகு எஞ்சின்களுக்கும் அமெரிக்கா புகைக் கட்டுப்பாட்டைக் கடுமையாக்கியது. கார்களைப் போல வினையூக்கி மாற்றிகளும் கணினிக் கட்டுப்பாடும் வந்தன. வேகத்தை ஜிபிஎஸ் மூலம் பிடித்துவைக்கும் கருவி, திரைகள், ஒலிபெருக்கிகள் எல்லாம் சேர்ந்தன. இன்னொரு காரணம் சந்தை. இளசுகள் வேக்போர்ட், வேக்சர்ஃப் பக்கம் போய்விட்டார்கள். பெரிய அலை எழுப்பும் கனத்த படகுகள்தான் விற்கின்றன, நிறுவனங்களின் கவனமும் அங்கேதான். கையால் வார்க்கப்படும் ஸ்கி படகு குறைந்த எண்ணிக்கையில் வருகிறது. அச்சுக்கும் வடிவமைப்புக்கும் ஆன செலவைச் சில படகுகளே சுமக்கின்றன. கணக்குப் படித்தவர்களுக்கு இது விளங்கும்.

நியாயமில்லாத பகுதி கடன். 15 வருடம், 20 வருடம் என்று தவணை தருகிறார்கள். விலை எவ்வளவு என்று கேட்ட மனிதரை, மாதம் எவ்வளவு என்று கேட்கப் பழக்கிவிட்டார்கள். நாங்கள் கடதாசியில் போட்டுப் பார்த்தோம். 100,000 அமெரிக்க டொலரை 1.38 வீதத்தில் மாற்றினால் 138,000 கனடிய டொலர். ஒன்ராறியோவின் 13 வீத விற்பனை வரியோடு ஏறக்குறைய 156,000. கையிலிருந்து 16,000 கட்டி, மிச்சம் 140,000ஐ 8 வீத வட்டிக்கு 15 வருடக் கடனாக எடுத்தால் மாதம் சுமார் 1,338 டொலர். முடிவில் வட்டி மட்டும் 100,000க்கு மேல். இங்கே மே கடைசியில் இருந்து செப்டெம்பர் நடு வரை 16 வார இறுதிகள்தான் படகு ஓடும். அப்படிப் பார்த்தால், பெற்றோலுக்கும் காப்புறுதிக்கும் முன்பே ஒரு வார இறுதிக்கு 1,000 டொலர்.

இது வெறும் கடதாசிக் கணக்கல்ல. எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பி 2021இல் வீட்டின் பெறுமதி மீது 130,000 டொலர் கடன் எடுத்து ஒரு படகு வாங்கினார். பெயர் சொல்லாமல் எழுதச் சம்மதித்தவர். அப்போது வங்கிகளின் அடிப்படை வீதம் 2.45. அதற்கு மேல் அரை வீதம். மாதம் 320 டொலர் வட்டி மட்டும் கட்டினார், சுகமாகத்தான் இருந்தது. 2023 ஜூலையில் அடிப்படை வீதம் 7.20 ஆனது. அதே கடனுக்கு மாதம் 834 டொலர் வட்டி. முதலில் ஒரு சதமும் குறையவில்லை. வீட்டு அடமானமும் அதே வருடம் புதுப்பிக்க வந்தது. படகை விற்றபோது கடனை அடைக்க 38,000 டொலர் போதவில்லை. அந்தப் பணம் மகளின் பல்கலைக்கழகச் சேமிப்பில் இருந்து போனது. ஊரில் வீட்டை இழந்து வந்தவர்கள் நாங்கள். இங்கே வீட்டை ஒரு விளையாட்டுப் பொருளுக்கு ஈடு வைக்கவேண்டாம் என்பதை எங்களிடம் வருபவர்களுக்குக் கொஞ்சம் கோபமாகவே சொல்வதுண்டு.

அதற்காகப் பழைய படகு மலிவு என்று நினைத்து ஓடாதீர்கள். நாங்கள் ஒரு பெப்ரவரி மாதம், கொட்டிலுக்குள் தறப்பாளால் மூடிக் கிடந்த படகை ட்ரெய்லரோடு 7,500 டொலருக்கு வாங்கினோம். எஞ்சினை ஓட்டிப் பார்க்கவில்லை, குளிர். கூட வரவேண்டிய மயிலிட்டி அண்ணைக்கு அன்று வேலை. அவர் ஊரில் தொழில் செய்த குடும்பம், பைபர் வள்ளங்களோடு வளர்ந்தவர். படகு எங்கள் கராஜுக்கு வந்த பிறகுதான் பார்த்தார். ஒரு சின்னச் சுத்தியலால் உள்ளே இருந்த நீளச் சட்டங்களைத் தட்டிக்கொண்டே போனார். முன்பக்கம் 'டக் டக்' என்றது. நடுவுக்கு வந்ததும் 'பொத் பொத்' என்றது. பிறகு எஞ்சினைப் பிடித்திருக்கும் போல்ட் ஒன்றை முறுக்கினார். அது இறுகாமல் சும்மா சுற்றியது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "தேத்தண்ணி இருக்கோ?" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

என்ன நடந்தது என்றால், அந்தக் காலத்துப் படகுகள் பலவற்றின் முதுகெலும்பு மரம். ஸ்ரிங்கர் எனப்படும் நீளச் சட்டங்கள் முன்னிருந்து பின்வரை தளத்துக்கு அடியில் ஓடும். மரத்தை பைபர்கிளாஸால் சுற்றி மூடியிருப்பார்கள். எஞ்சினின் பாரமும் உதைப்பும் அதில்தான். பிற்காலத்தில் யாரோ இருக்கைக்கு ஓர் ஆணி அறைவார்கள். அந்தத் துளையால் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது. இடைவெளிகளில் ஊற்றிய நுரையும் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். வெளியே பளபளப்பு, உள்ளே உக்கல். 1990களில்தான் மரத்தைக் கைவிடுவது பொதுவானது. நிறுவனத்துக்கு நிறுவனம் வருடம் வேறுபடும் என்பதால், வாங்குமுன் அந்த மாடலில் மரம் உண்டா என்று கட்டாயம் விசாரியுங்கள்.

திருத்தும் கடையொன்றில் கேட்டோம், 14,000 டொலர் என்றார்கள். நாங்களே செய்தோம். சட்டத்தை வெட்டுவதற்கு முன் படகின் அடியைப் பல இடங்களில் சமமாகத் தாங்கி நிறுத்தவேண்டும். இல்லாவிட்டால் அடி வளைந்து, பிறகு எந்த எஞ்சின் போட்டாலும் நேராக ஓடாது. எஞ்சின் இருந்த உயரத்தையும் சரிவையும் அளந்து எழுதவேண்டும். ஒரு பக்கச் சட்டத்தை முடித்த பிறகுதான் மறுபக்கத்தைத் தொடவேண்டும். ரெசின் குளிரில் இறுகாது, கராஜைச் சூடாக்கவேண்டும். மணம் வீட்டுக்குள்ளும் வரும், சரியான முகமூடி இல்லாமல் தொடவே கூடாது. இரண்டு குளிர்காலம் போனது. நடுவில் இருந்த கோடையும் போனது. எங்கள் மூத்தவனுக்கு வீட்டிலிருந்த கடைசிக் கோடை அது. அந்தச் செலவைப் பேரேட்டில் எந்தப் பக்கம் எழுதுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

எஞ்சின் பரவாயில்லை. ஃபோர்ட், ஜெனரல் மோட்டர்ஸ் வி-8 எஞ்சின்களைத்தான் படகுக்கு ஏற்ப மாற்றியிருப்பார்கள், உதிரிப்பாகம் கிடைக்கும். ஆனால் இங்கே ஓர் உயிராபத்து உண்டு. மலிவு என்று கார் ஸ்டார்ட்டர், கார் கார்புரேற்றர், கார் ஓல்டர்நேற்றர் போட்டுவிடாதீர்கள். படகின் அடியில் பெற்றோல் ஆவி தங்கும், வெளியேற வழியில்லை. படகுக்கான பாகங்கள் பொறி வெளியே வராதபடி செய்யப்பட்டவை. சில பழைய எஞ்சின்கள் மறுபக்கமாகச் சுற்றுபவை, அதையும் பார்த்துத்தான் பாகம் எடுக்கவேண்டும். எண்ணெய் பால்போல வெளிறியிருந்தால் உள்ளே தண்ணீர், பெரும்பாலும் குளிரில் வெடித்த எஞ்சின். திரும்பி வந்துவிடுங்கள்.

செலவைச் சொல்கிறோம். சட்டத்துக்கும் தளத்துக்கும் பொருட்கள் 3,400. எஞ்சின் வேலை 2,300. தண்டும் அதன் தாங்கியும் 850. இருக்கைகள் 2,600, தையற்காரரிடம் பேரம் பேசித்தான். ட்ரெய்லர் 1,150. நோவா ஸ்கோசியாவில் செய்யப்படும் பேர்ஃபெக்ட் பாஸ் வேகக் கருவி 1,700. கருவிகள், அரத்தாள், முகமூடி 900. வாங்கிய விலையோடு 20,400 டொலர். நாங்கள் முதலில் திட்டமிட்டது 12,000. இன்று விற்றால் 14,000 கிடைத்தால் அதிகம், எங்கள் உழைப்புக்கு ஒரு சதமும் வராது. ஆனாலும் 10 வருடத்துக்குப் பிரித்தால் குடும்பத்துக்கு வருடம் 680 டொலர். கடனில்லை. எல்லாம் பிழைத்துப் போயிருந்தாலும் ஆளுக்கு 7,000க்குச் சற்றுக் குறைவாகவே நட்டம், வீடு வீடாகவே இருந்திருக்கும்.

திரும்ப ஒருமுறை வாங்கினால் 1988 வாங்கமாட்டோம். மரச்சட்டம் இல்லாத, எரிபொருளைத் தானே தெளிக்கும் எஞ்சின் உள்ள, 1990களின் பிற்பகுதிப் படகுகளுக்கு நாங்கள் பார்த்த விளம்பரங்களில் 20,000 முதல் 30,000 வரை கேட்கிறார்கள். எங்கள் மொத்தச் செலவு அதற்குள்தான் வந்தது, இரண்டு குளிர்காலம் மட்டும் மேலதிகம். சில நூறு டொலர் கொடுத்து ஒரு மதிப்பீட்டாளரைக் கூட்டிச் செல்லுங்கள். பழைய படகென்றால் சில காப்புறுதி நிறுவனங்கள் எப்படியும் அவருடைய அறிக்கையைக் கேட்கும். விற்பவரின் பெயரில் கடன் பதிவு ஏதும் உண்டா என்று மாகாணப் பதிவேட்டில் தேடுங்கள். படகை ஏரியில் இறக்கி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மே மாதத்தில் அல்ல, எல்லோரும் களஞ்சியக் கூலிக்கு அஞ்சும் செப்டெம்பரில் போய்க் கேளுங்கள்.

ஒக்டோபரில் எஞ்சினிலும் புகைக்குழாய்களிலும் உள்ள தண்ணீரை முழுவதும் வடியவிட மறக்காதீர்கள். ஓர் இரவு உறைபனி போதும், எஞ்சின் வெடித்துவிடும். வடிகால் மூடிகளைக் கழற்றி ஒரு சிறு பையில் போட்டு, அந்தப் பையைச் சாவியோடு சேர்த்துக் கட்டி வைப்பது எங்கள் வழக்கம். வசந்தத்தில் அவசரப்பட்டு யாராவது சாவியை எடுத்தால் மூடிகளும் கைக்கு வரும்.